வருடத்தில் அறுபத்தொரு நாள்

2007ஆம் ஆண்டு பெப்ரவரி எட்டாம் திகதி, வியாழக்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு அந்தக் கடிதம் வந்தது. விடியற்காலை தொடங்கிய பனி இன்னும் நிற்கவில்லை. பஸ் ஒன்றும் ஓடவில்லை. கமலாம்பிகை தென்லண்டனின் தோர்ண்டன் ஹீத்திலிருந்து முக்கால் மணிநேரம் நடந்தே வந்து மண்டபத்தைத் திறந்திருந்தாள். முதல்நாள் அங்கே ஒரு திவசச் சாப்பாடு நடந்திருந்தது. சனிக்கிழமை, பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியச் சடங்கு. இரண்டுக்கும் நடுவில் தரையைக் கழுவிவிட வேண்டும். அதுவும் கடைசி வாளியில் மஞ்சள் கரைத்து. அந்தக் கடைசி வாளியோடு அவள் நின்றபோது, கதவுத் துவாரத்தால் உறை ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. ஊரே முடங்கிக் கிடந்த நாளிலும் தபால்காரன் வந்திருந்தான். கெட்ட செய்திக்குப் பனி ஒரு பொருட்டா?

கவுன்சிலின் சொத்துப் பிரிவு எழுதியிருந்தது. உறையில், மண்டபத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த தமிழர் சங்கத்தின் பெயர். ஆனால் சங்கத்துக்கு வரும் கடிதங்களைத் திறந்து வாசித்து, தலைவர் சண்முகராசாவுக்குத் தொலைபேசியில் தமிழில் சொல்வது பதினான்கு வருடமாக அவளுடைய வேலை. மண்டபத்தைப் பராமரிப்பவள் அவள். கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பும் அவளிடம்தான்.

செப்டெம்பரில் குத்தகை முடிகிறது, புதுப்பிப்பதாக இல்லை. கட்டடத்தை விற்று, அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் கட்ட யோசனை. மார்ச் இருபத்தொன்பதாம் திகதி கவுன்சில் குழு கூடி முடிவெடுக்கும். காரணம் இணைத்திருந்த அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் இருந்தது: கட்டடம் வருடத்தில் அறுபத்தொரு நாள் மட்டுமே பயன்படுகிறது, குறிப்பாக, வார நாட்களில் காலியாகவே கிடக்கிறது.

வார நாட்களில். நேற்று புதன்கிழமை. நேற்று இதே தரையில் நூற்றிருபது பேர் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பருப்பின் நெய்வாசம் இன்னும் சன்னல் சீலையை விட்டுப் போகவில்லை.

"காலியாம்," என்றாள் கமலாம்பிகை, கையிலிருந்த மொப்பைப் பார்த்து. சொல்லி அழ வேறு யாரும் அங்கே இல்லை.

மண்டபத்துக்கு அப்போது வயது தொண்ணூற்றெட்டு. 1909இல் தொண்டர் படைக்காகக் கட்டியது. கடைச் சிப்பந்திகளும் எழுதுவினைஞர்களும் தச்சர்களும் வேலை முடிந்து வந்து, சப்பாத்து அதிர நடை பழகிய இடம். ஒரு கொம்பனிச் சிப்பாய்கள் முழுப்பேரும் ஒரே வீச்சில் திரும்ப வேண்டுமென்று நடுவில் தூண் இல்லாமல் இரும்பு வளைவுகளில் கூரையைத் தூக்கியிருந்தார்கள். அந்த அகலத்தில்தான் இப்போது முந்நூறு பேருக்கு மேசை போட முடிகிறது. 1914 ஓகஸ்டில் அங்கிருந்து அணிவகுத்துப் போனவர்களில் எழுபத்தொரு பேர் திரும்பவில்லை. அவர்களுடைய பெயர்கள் மேடைக்கு அருகே ஒரு மரப்பலகையில் பொன்னெழுத்தில் இருக்கின்றன. இரண்டாம் யுத்தத்தில் குண்டு விழுந்து வீடிழந்தவர்கள் அதே தரையில் படுத்தெழும்பினார்கள். 1967இல் படை போனது. பிறகு குத்துச்சண்டைக் கழகம் வந்தது, சில்லுச் சப்பாத்துப் போட்டுச் சறுக்கும் பிள்ளைகள் வந்தார்கள், ஒரு பெந்தகொஸ்தே சபை வந்தது. 1991இலிருந்து தமிழர்கள். துப்பாக்கிகளைப் பூட்டிவைத்த அறைக்கு இன்னும் அதே இரும்புக் கதவுதான். துப்பாக்கிகள் சாய்ந்து நின்ற மரத்தாங்கியில் அகப்பைகள் சாய்ந்து நிற்கின்றன. 'டிரில் ஹோல்' என்றால் தென்லண்டனில் எந்தத் தமிழனும் வழி சொல்வான். டிரில் என்றால் படை நடை பழகுவது; ஆனால் என்னவென்று கேட்டால் பாதிப்பேர், சுவரில் ஓட்டை போடுவது என்பார்கள்.

கமலாம்பிகைக்கு இதெல்லாம் தெரிந்தது, தேடிப் படித்ததால். அவள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சிறப்புப் பட்டம் பெற்றவள். 1984இல் கணவனோடு ஜேர்மனியின் டோர்ட்முண்ட் போனாள். அங்கே ஆறாம் வருடம் அவன் மாரடைப்பில் போனான். 1993இல் பதினொரு வயது மகள் லோஜினியைக் கூட்டிக்கொண்டு லண்டன் வந்தாள். வரலாற்றுப் பட்டதாரிக்கு லண்டன் கொடுத்த வேலை தரை கழுவுவது. கழுவுகிற தரையின் வரலாற்றையாவது படிப்போம் என்று செவ்வாய்க்கிழமைப் பின்னேரங்களில் நூலகத்தின் உள்ளூர் வரலாற்று அறைக்குப் போய்ப் பழைய பத்திரிகைகளைப் புரட்டுவாள்.

"வெள்ளைக்காரன்ர பட்டாளத்துக் கதை உங்களுக்கு எதுக்கம்மா?" என்று லோஜினி கேட்பாள்.

"ஒவ்வொரு நாளும் முழங்காலில நிண்டு தேய்க்கிறன். ஆர் ஆர் மிதிச்ச தரையெண்டு தெரியவேண்டாமே?"

கவுன்சிலின் அறிக்கையிலும் வரலாறு இருந்தது. இரண்டரைப் பக்கம். 1909இல் திறந்துவைத்த கேணலின் பெயர், பாண்டு வாத்தியக் குழு, கொடி, குண்டுவீச்சு எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார்கள். 1967க்குப் பிறகு ஒரே ஒரு வரி: 'அதன் பின்னர் கட்டடம் இடைக்கிடை சமூகத் தேவைகளுக்குப் பயன்பட்டது.' நாற்பது வருடத்துக்கு ஒரு வரி. அதிலும் 'இடைக்கிடை'. அந்தச் சொல்லைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் காது மடல் சூடேறியது.

அறுபத்தொன்று எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குக் கண நேரத்தில் விளங்கிவிட்டது. அதுதான் கூடுதலாகச் சுட்டது. ஒக்டோபரில் சொத்துப் பிரிவிலிருந்து பிரிட்சர்ட் என்ற அதிகாரி வந்தார். பணிவான ஆள். தேநீர் போட்டுக் கொடுத்தாள். மண்டபத்தின் பதிவுப் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். குத்தகை ஒப்பந்தத்தில் அப்படி ஒரு சரத்து இருக்கிறது: மண்டபத்தில் நடப்பது அனைத்தையும் எழுதிவைக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். அவளே எடுத்துக் கொடுத்தாள். அவர் பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளி, எண்ணிக்கொண்டு போனார்.

அந்தப் புத்தகத்தில் பாதிதான் இருந்தது.

1993இல் அவள் வேலைக்கு வந்த புதிதில், கலியாணத்துக்கு நாள் பதிய வந்த ஒரு தாய் புத்தகத்தைத் திறந்தாள். தான் கேட்ட நாளுக்கு மேல் வரியில் 'முப்பத்தோராம் நாள் மதிய போசனம்' என்று எழுதியிருந்ததைக் கண்டாள். நெருப்பைத் தொட்டவள் மாதிரிப் புத்தகத்தை மூடிவிட்டு, வேறு மண்டபம் பார்க்கப் போய்விட்டாள். அன்றைக்குச் சண்முகராசா சொன்னார், இனிமேல் செத்தவீட்டுச் சாப்பாடுகளை அதில் எழுத வேண்டாம் என்று. அன்றிலிருந்து கலியாணம், சாமத்தியம், அரங்கேற்றம், பிறந்தநாள் எல்லாம் புத்தகத்தில். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் வருடத் திவசமும் வாய்ச்சொல்லில். இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடப்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருப்பது வேறு, மையில் காண்பது வேறு. நம் சனத்துக்கு மையில் காணக் கூடாது, அவ்வளவுதான்.

கலியாணங்கள் சனி ஞாயிறில் வரும். திவசம் திதியைப் பார்த்து வரும். திதிக்குச் செவ்வாய் என்ன, புதன் என்ன. ஆகவே பிரிட்சர்ட்டின் கண்ணில் வார நாட்கள் எல்லாம் வெள்ளைத்தாளாக இருந்தன.

அவள் சண்முகராசாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"வருசத்தில அறுபத்தொரு நாள்தான் பாவிக்கிறமாம் அண்ணை."

"ஆர் சொன்னது?"

"எங்கட புத்தகம்."

"உந்தப் புத்தகத்தை நீர் ஏன் அவனிட்டைத் தூக்கிக் குடுத்தனீர்?"

"கேட்டால் காட்டவேணுமெண்டு ஒப்பந்தத்தில கிடக்கு. எழுதவேண்டாமெண்டு சொன்னது நீங்கள்."

"அது நான் சும்மா ஒரு யோசனை சொன்னது பிள்ளை."

"பதின்மூண்டு வருசமாய் ஒரு யோசனையே அண்ணை?"

அவர் தனக்கு மற்றத் தொலைபேசி அடிக்கிறது என்றார்.

அன்று மத்தியானம், கழுவிய வாளிகளை இரும்புக் கதவு அறையில் வைக்கப் போனபோதுதான் அவள் கலண்டர்களைக் கண்டாள். கண்டாள் என்பது சரியில்லை. அவள்தான் அவற்றை அங்கே வைத்தவள். ஒவ்வொரு தை மாதமும் தோர்ண்டன் ஹீத் பலசரக்குக் கடையில் ஒரு கலண்டர் கொடுப்பார்கள். மேலே பிள்ளையார் அல்லது முருகன், கீழே பன்னிரண்டு மாதம். அதை அவள் சமையலறையில் மாட்டுவாள். செத்தவீட்டுச் சாப்பாடு உள்ள நாளில் சமையல்காரருக்குத் தெரிவதற்காக, கட்டத்துக்குள் 'சா' என்று போட்டுப் பக்கத்தில் ஆள்தொகையை எழுதுவாள். வருடம் முடிந்ததும் அதை எறிய முடியாது. சாமிப் படத்தைக் குப்பைப் பையில் போட யாருக்குக் கை வரும்? அப்படியே சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, ஒரு மூலையில் நிறுத்திவிடுவாள். பதினான்கு வருடத்தில் பதினான்கு சுருள்.

ஒவ்வொன்றாகத் தரையில் விரித்தாள். சுருண்டு எழும்பாமல் ஓரங்களில் கதிரைகளை வைத்தாள். 2006இல் 'சா' தொண்ணூற்றேழு. மூன்று தரம் எண்ணினாள். புத்தகத்தில் இருந்த அறுபத்தொன்றையும் சேர்த்தால் நூற்றைம்பத்தெட்டு.

சமையல்காரர் செபமாலைமுத்து சனிக்கிழமைச் சமையலுக்குச் சாமான் இறக்க வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கத்தோலிக்கர். சைவச் செத்தவீடுகளுக்குச் சமைத்தே லண்டனில் பெயரெடுத்தவர்.

"என்ன தங்கச்சி, பிள்ளையார் எல்லாரும் வரிசையில நிக்கினம்? திரும்பவும் பட்டாளம் சேர்க்கிறீரோ?"

"சிரிக்காதேங்கோ அண்ணை. இதுதான் எங்களிட்டை உள்ள ஒரே சாட்சி."

அவர் குனிந்து தன்னுடைய மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "ஓம், இதெல்லாம் நான் அவிச்ச சோறுதான். எங்கட மாதா படத்தையும் எறிய ஏலாது எண்டுதான் நான் படமில்லாத கலண்டர் மாட்டுறனான். உங்கட பயம் இண்டைக்கு உதவியிருக்கு, பாருங்கோ."

அவளும் சிரித்தாள். அப்போதுதான் 2006 ஜூலையில் கண் விழுந்தது. எட்டாம் திகதி சனிக்கிழமை, 'சா 180'. புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். ஒன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, செல்வி தாரகா சண்முகராசா, திருமணம்.

தலைவரின் மகள். ஜூலையில் இந்த மண்டபத்தில் தாலி கட்டிக்கொண்டு போனவள், டிசெம்பரில் பெட்டியோடு தாய்வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஊருக்கே தெரியும், யாரும் கதைப்பதில்லை.

கமலாம்பிகை ஒரு கதிரையில் இருந்தாள். இந்தப் பட்டியலைக் கொடுத்தால்தான் மண்டபம் வெறுமனே கிடக்கவில்லை என்று காட்ட முடியும். கொடுத்தால், எந்தெந்தக் கலியாணத்துக்கு முதல்நாள் அதே தரையில் செத்தவீட்டுப் பந்தி நடந்தது என்பதும் நாள் நேரத்தோடு வெளியே வரும். எண்ணிப் பார்த்தாள். 2006இல் மட்டும் அப்படி ஒன்பது கலியாணம்.

சங்கத்தின் நிர்வாகக் கூட்டம் அடுத்த ஞாயிறு காலை மண்டபத்தில் நடந்தது. அவள் பட்டியலைப் படி எடுத்து மேசையில் வைத்தாள். ஒளிக்க அவளுக்கு மனம் வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததன் பலனைத்தானே எல்லாருமாகச் சேர்ந்து இப்போது அனுபவிக்கிறார்கள். சண்முகராசா ஜூலைப் பக்கத்தைப் பார்த்தார்; பிறகு வேறெந்தப் பக்கத்தையும் பார்க்கவில்லை. அவருடைய மனைவி குமுதினி, தேநீர்ப் போத்தலோடு வந்தவள், கணவனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இதென்னது? எட்டாந் திகதியா?"

அவள் தாளைக் கணவனின் கையிலிருந்து இழுத்தாள்.

"அப்ப என்ர பிள்ளையின்ர கலியாணத்துக்கு முதல்நாள் இந்தத் தரையில செத்தவீட்டுச் சோறு போட்டிருக்கிறியள்?"

"போட்டதக்கா," என்றாள் கமலாம்பிகை. "பிறகு மூண்டு தரம் கழுவினது. மஞ்சள்தண்ணி தெளிச்சது. அண்ணைக்கும் தெரியும்."

"அண்ணையை இழுக்காதை! தெளிச்சு என்னத்தைக் கண்டது? ஆறு மாசம் முடிய முன்னம் பிள்ளை வந்து மூலைக்குள்ள கிடக்கிறாள்."

"அதுக்குத் தரை என்ன செய்யும் அக்கா? பெடியன் கையை நீட்டினவன் எண்டு நீங்களே என்னட்டைச் சொல்லி அழுதனீங்கள்."

குமுதினியின் முகம் இருண்டது. நாலு பேர் முன்னால் அது வெளியே வந்துவிட்டது. கைக்கு எட்டிய கல்லை எடுத்து எறிவது போல அவள் சொன்னாள்.

"உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. தாலியறுந்தவளின்ர கையில கலியாண மண்டபத்துத் திறப்பைக் குடுத்த எங்களைச் சொல்லவேணும்."

கூட்டத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். ஒருவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். 'அப்படிச் சொல்லாதையுங்கோ' என்று ஒரு வாய் திறக்கவில்லை.

பதினான்கு வருடமாக ஒவ்வொரு கலியாணத்தன்றும் விடிய ஐந்து மணிக்கு வந்து கதவைத் திறந்து, வெப்பமூட்டியைப் போட்டு, நிறைகுடம் வைக்க மேசை இழுத்து, பெண் வீட்டார் படியேற முதல் சமையலறைப் பின்கதவால் போய்விடுகிறவள் அவள். யாரும் அவளைப் போகச் சொன்னதில்லை. யாரும் நில் என்று சொன்னதுமில்லை. மழையில் எதிர்ப்பக்கப் பஸ் தரிப்பிடத்தில் நின்று, மேளச்சத்தம் கேட்டபின் மறுபடி பின்கதவால் உள்ளே வந்து பாத்திரம் கழுவுவாள்.

"ஓம், என்ர கைதான்," என்றாள். "இந்தக் கை திறந்த கதவாலதான் உங்கட மணவறை உள்ளுக்கு வந்தது. நீங்கள் குந்தியிருந்த கதிரையையும் இந்தக் கைதான் துடைச்சது. அங்கை பாருங்கோ, அந்தச் சிவப்புச் சீலைக்குப் பின்னால எழுபத்தொரு பேரின்ர பேர் கிடக்கு. கலியாணம் எண்டால் அவையையும் மூடிப்போட்டுத்தான் தாலி கட்டுறியள். எங்கட செத்ததுகளைப் புத்தகத்தில எழுதாமல் மூடினியள். மூடி மூடி இண்டைக்கு மண்டபமே போகப்போகுது. என்னை மூடுறது ஒரு பெரிய வேலையே?"

சண்முகராசா தாள்களை ஒன்றாக அடுக்கி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். "இந்தப் பட்டியல் சங்கத்தின்ர பேரில போகாது."

"அப்ப என்ர பேரில போகும்."

லோஜினிதான் அதைத் தட்டெழுதிக் கொடுத்தாள். அவள் அப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். வேலை முடிந்து வந்து கோட்டையும் கழற்றாமல் கணினிக்கு முன்னால் இருந்தாள். "அம்மா, சீரியஸ்லி, ஒரு குரோசரிக் கலண்டரை எவிடன்ஸ் எண்டு ஆர் எடுப்பினம்?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே 2006இன் தொண்ணூற்றேழு வரிகளையும் ஒரு பிழையில்லாமல் அடித்தாள்.

மார்ச் இருபத்தொன்பது, பின்னேரம் ஆறு மணி. பொதுமக்கள் கதிரைகளில் சங்கத்தின் சார்பில் ஒருவரும் இல்லை. லோஜினியும் செபமாலைமுத்துவும் மட்டும் இருந்தார்கள். கமலாம்பிகைக்கு மூன்று நிமிடம் தந்தார்கள். அவள் எழுதிவைத்த ஆங்கிலத்தைப் பார்க்காமலே பேசினாள். நூற்றைம்பத்தெட்டு நாள் என்றாள். ஏன் புத்தகத்தில் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள். பிறகு, நூலகத்தில் தான் படித்ததைச் சொன்னாள்: தொண்டர் படை செவ்வாயும் வியாழனும் மாத்திரம், அதுவும் மாலையில் இரண்டு மணிநேரம் நடை பழகியது, ஓகஸ்டில் முகாமுக்குப் போய்விடும், நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் விடுமுறை, கூட்டிக் கழித்தால் வருடத்தில் மிஞ்சிப்போனால் தொண்ணூறு நாள். அந்த ஐம்பத்தெட்டு வருடத்தில் இந்தக் கட்டடம் காலியாகக் கிடக்கிறது என்று யாராவது எழுதினார்களா? சிப்பாய் தொண்ணூறு நாள் நடந்தால் அது வரலாறு. நாங்கள் நூற்றைம்பத்தெட்டு நாள் சாப்பாடு போட்டால் அது இடைக்கிடையா?

ஒரு பெண் கவுன்சிலர் தலையை ஆட்டினார். அவளுக்கு ஒரு நொடி நம்பிக்கை வந்தது.

பிரிட்சர்ட் எழும்பினார். அவர் குரலை உயர்த்தவேயில்லை. மண்டபத்தில் நடப்பது அனைத்தையும் உண்மையாகப் பதிய வேண்டும் என்பது குத்தகையின் நிபந்தனை. இந்த அம்மையாரின் பட்டியல் உண்மையானால், குத்தகைக்காரர்கள் பதின்மூன்று வருடமாக நிபந்தனையை மீறியிருக்கிறார்கள். குத்தகையைப் புதுப்பிக்காமல் விட அதுவே போதிய காரணம். பட்டியல் உண்மையில்லையென்றால், எண்ணிக்கை அறுபத்தொன்று. எப்படிப் பார்த்தாலும் தனது சிபாரிசு மாறாது. அதன்பின் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். சிவப்புச் சீலை போட்டு மூடிய நினைவுப் பலகை. இறந்த வீரர்களின் பெயர்களை ஏன் மறைக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். கமலாம்பிகை கையை உயர்த்தினாள். அவளுடைய மூன்று நிமிடம் முடிந்துவிட்டது என்றார்கள்.

விற்பதற்கு ஏழு வாக்கு, எதிராக நாலு. எல்லாமாகப் பத்தொன்பது நிமிடம்.

"உண்மை சொன்னால் கள்ளர், சொல்லாட்டில் காலி," என்றார் செபமாலைமுத்து, திரும்பிவரும் பஸ்ஸில். "நல்ல சட்டம்."

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் இருந்தது. அந்தப் பணிவான மனிதரின் மேல் இருந்த அளவு, அன்றைய ஞாயிறு கூட்டத்தில் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் மேலும் இருந்தது. எது கூட என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

செப்டெம்பரில் திறப்பைக் கொடுத்தாள். அதற்கு முதல் வாரம் சங்கம் ஒரு பிரியாவிடை விழா நடத்தியது. முன்னாள் தலைவர்கள் மூவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சண்முகராசா இருபது நிமிடம் பேசினார். மண்டபத்தின் பெருமையைச் சொன்னார், கவுன்சிலின் அநியாயத்தைச் சொன்னார். கலண்டரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் பின்னால் நின்று தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கட்டட நிறுவனம் பிற்பாடு முகப்புச் சுவரை மட்டும் இடிக்காமல் விட்டது; அதில் ஒரு பித்தளைத் தகடும் பதித்தது. 1909 – 1967 என்று போட்டிருக்கிறது. பிறந்த வருடமும் இறந்த வருடமும் போல. அதற்குப் பிறகு அங்கே உண்ட, அழுத, கைபிடித்த சனம் எல்லாம் ஒரு பிரேதத்துக்குள் இருந்து செய்தது போல.

ஆனால் பட்டியல் ஊருக்குள் கசிந்திருந்தது. தொலைபேசிகள் வரத் தொடங்கின. ஏச்சுத்தான் வரும் என்று எதிர்பார்த்தாள். இரண்டு மூன்று ஏச்சும் வந்தன. மற்றவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். மிச்சம் என்ற ஊரிலிருந்து ஒரு கிழவர்: "பிள்ளை, 2001 மார்கழி பன்ரெண்டு. என்ர மனிசியின்ர நாள். அது உம்மட்டை இருக்கோ?" அவள் சுருளை விரித்துப் பார்த்து, "ஓம் ஐயா, இருக்கு, நூற்றுப்பத்துச் சாப்பாடு," என்றாள். அவர் மனைவியின் பெயரைச் சொன்னார், முழுப் பெயரை, தகப்பன் பெயரோடும் ஊரோடும். பெயரைச் சொல்லும்படி அவள் கேட்கவில்லை. அவர் தானாகவே, எழுத்து எழுத்தாக, பொறுமையாகச் சொன்னார்.

நூலகத்தின் வரலாற்று அறையில் வேலை செய்த பெண்ணிடம் அவள் கேட்டாள். மண்டபத்துக்கென்று அங்கே ஒரு கோப்பு இருந்தது, 1967இல் முடிந்திருந்தது. தாராளமாகச் சேர்க்கலாம் என்றாள் அந்தப் பெண். திகதியும் பெயரும் இருந்தால் போதும், எந்த மொழியிலும் இருக்கலாம்.

அன்றிலிருந்து கமலாம்பிகை எழுதுகிறாள். கறுப்பு மையில், தமிழில், கோடு போட்ட தாளில். திதிக் கணக்கில் திரும்பத் திரும்ப வந்த திவசங்களைச் சேர்த்து, ஒருவருக்கு ஒரு வரி. தெரியாத நாட்களுக்குத் தெரிந்தவர்களைத் தேடித் தொலைபேசி எடுக்கிறாள். ஒரு நாள் குமுதினியின் வீட்டு எண்ணையும் அழுத்தினாள். 1999 ஜூனில் சண்முகராசாவின் தாயார் காலமானவர். குமுதினிதான் எடுத்தாள். குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாள் என்று கமலாம்பிகை நினைத்தாள்.

"அவவின்ர பேர் கமலேஸ்வரி," என்றாள் குமுதினி. "பதினெட்டாம் திகதி." பிறகு வைத்தாள்.

நவம்பர் முடிய நானூற்று ஒன்பது பெயர்கள் எழுதியாயிற்று. 1996 மே பத்தொன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, எண்பத்தைந்து சாப்பாடு. அது யாருடைய நாள் என்று இன்னும் தெரியவில்லை.